கால்டுவெல் என்னும் பெயர்: குளிர்ந்த ஊற்றிலிருந்து சாதிச் சான்றிதழ் வரை

திருச்செந்தூரிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால் ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று ஊர்கள் வரிசையாக வரும். உவரிக்கு அப்பால் கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் செம்மணல் தேரியை ஒட்டி இடையன்குடி. அங்குள்ள தூய திரித்துவ ஆலயத்தின் பலிபீடத்தருகே ராபர்ட் கால்டுவெல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தூத்துக்குடியில் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. சென்னை மெரினாவில் சிலை இருக்கிறது. 2010இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. தென்மாவட்டங்களில் அப்பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டியோரும் உண்டு.

‘திராவிடம்’ என்ற சொல்லின் வேரைத் தேடி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியவரின் பெயருக்கு என்ன வேர் என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. கேட்டுப் பார்த்தால் அது ஒரு கிணற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. சாதி குறித்துப் பேசுவோர்க்குக் கிணறு அறியாத இடமன்று.

பழைய ஆங்கிலத்தில் ‘கால்ட்’ என்றால் குளிர்ந்த. ‘வெல்ல’ என்றால் ஊற்று, நீரோடை. இன்று ஆங்கிலத்தில் ‘வெல்’ தோண்டிய கிணற்றைக் குறிக்கிறது. முன்னாளில் அது நிலத்திலிருந்து தானே பொங்கி எழும் நீரைக் குறித்தது. பொங்குதல், கொதித்தல் என்னும் பொருளுடைய பழைய வினையோடு உறவுடையது. ஆகக் கால்டுவெல் என்பது ‘குளிர்ந்த ஊற்று’. தமிழ்க் காதுக்கு ‘வெல்’ வெற்றியைச் சொல்வதாக ஒலிக்கும், அது தற்செயலே.

இது முதலில் ஆட்பெயராக இருக்கவில்லை, ஊர்ப்பெயராகவே இருந்தது. இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலும் இப்பெயர் கொண்ட சிற்றூர்கள் பல உண்டு. கால்டுவெல், கால்ட்வெல், கோல்ட்வெல், கார்ட்வெல் என்று அதற்கு வடிவங்களும் பல. தெற்கில் அதே சொல் ‘சாட்வெல்’ என்றும் வழங்கிற்று. வடபுறப் பேச்சில் ககரமாக நின்ற ஒலி தென்புறப் பேச்சில் சகரமானதே இதற்குக் காரணம். தமிழறிந்தோர்க்கு இது வியப்பாக இராது. கன்னடத்தார் ‘கிவி’ என்பதை நாம் ‘செவி’ என்கிறோம். ககரம் சகரமாகும் இத்தகைய உறவுகளை அடுக்கி வைத்துத்தான் கால்டுவெல் தென்னிந்திய மொழிகளின் இனவுறவை நிறுவினார். அவருடைய பெயரின் வடிவங்களே அவ்விதிக்கு எடுத்துக்காட்டாக நிற்கின்றன.

இங்கிலாந்தில் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயர் என்பது மிகப் பழைய வழக்கமன்று. 1066இல் நார்மன்கள் அந்நாட்டைக் கைப்பற்றிய பிறகே, முதலில் நிலவுடைமைப் பிரபுக்களிடையே அது வேரூன்றிற்று. நிலம் மகனுக்குச் செல்லும்போது நிலத்தின் பெயரும் சென்றது. உழவரிடமும் கைவினைஞரிடமும் அது பரவ மேலும் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. அரசுக்கு வரிப்பட்டியல் வேண்டியிருந்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி வாங்கப்பட்டபோது ஒரே ஊரில் இருந்த பல ஜான்களையும் பல வில்லியம்களையும் பிரித்தறியப் பின்னொட்டு தேவைப்பட்டது. 1538இல் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டுமென்று ஆணை பிறந்ததும் பெயர்கள் ஏட்டில் உறைந்துபோயின.

ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராகப் பெறுவோர் பெரும்பாலும் அவ்வூரை விட்டு வெளியேறியவர்களே. குளிர்ந்த ஊற்றுள்ள ஊரில் எல்லாரும் அவ்வூராரே. அங்கே ஒருவனை மட்டும் அப்பெயரால் அழைத்துப் பயனில்லை. அவன் பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றபின் அங்குள்ளோர் அவனைக் ‘கால்டுவெல்காரன்’ என்கிறார்கள். நம் சங்கப் புலவர்களிலும் மாங்குடி மருதனார் போல் ஊர்ப்பெயர் ஏற்றவர்கள் உண்டு. ஆனால் நம் நாட்டில் ஊர்ப்பெயர் ஏற்கும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததா? ஊர் வேறு, சேரி வேறு என்று நிலத்தையே பிரித்த சமூகத்தில் ஒருவர் ‘இன்ன ஊரார்’ என்று சொன்னதும் ‘ஊரிலா, காலனியிலா?’ என்று அடுத்த கேள்வி வருகிறது. குடியேற்றம் என்று மட்டுமே பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல் தமிழ்நாட்டில் சாதி முகவரி ஆயிற்று. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது அதனால்தான்.

தொழிற்பெயர்களின் கதையும் இதனோடு ஒட்டியதே. தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம், நிலம் வாங்கிக் கொடுத்த சாயர் என்ற வணிகரின் பெயரால் அமைந்த ஊர். சாயர் என்றால் மரம் அறுப்பவர். பிரித்தானியாவின் தலைமையமைச்சராக இருந்த தாட்சரின் குடும்பப்பெயருக்குக் கூரை வேய்பவர் என்று பொருள். சுமித் என்பவர் கொல்லர். அந்நாட்டிலும் அடிமைக்குடிகள் இருந்தனர், கொடுமைகள் நடந்தன. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இருப்பினும் மரம் அறுப்பவரின் பேரன் வேறு தொழிலுக்குப் போனான், வேறு தொழிலாளியின் மகளை மணந்தான், எல்லாரும் புதைக்கப்படும் இடத்திலேயே புதைக்கப்பட்டான். பெயர் எஞ்சியது, தொழில் கழன்றுபோயிற்று. இங்கே நேர்மாறாக நடந்தது. பறை அடிப்பதை விட்டுப் பல தலைமுறை ஆனவர் மீதும் பறையின் பெயர் சுமத்தப்பட்டிருக்கிறது. திருமணமும் கிணறும் சுடுகாடும் பிரிக்கப்பட்டிருக்கும் வரை பெயருக்குள் இருக்கும் இழிவு தானாகக் கரையாது.

ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7 அன்று அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில், ஏழ்மையான ஸ்காட்டியப் பெற்றோர்க்குப் பிறந்தார். 1838 சனவரியில் சென்னை வந்தார். 1841இன் இறுதியில் இடையன்குடியில் குடியேறினார். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவை 1844இல் மணந்தார். 1856இல் ஒப்பிலக்கணத்தையும் 1881இல் திருநெல்வேலி வரலாற்றையும் வெளியிட்டார். 1877இல் ஆயர் ஆனார். 1891 ஆகஸ்ட் 28இல் கொடைக்கானலில் மறைந்தார். இவை பாடநூல்களிலேயே கிடைக்கும். நமக்கு வேண்டியது, அவர் கொண்டுவந்த பெயர் இந்த மண்ணில் என்னவாயிற்று என்பது.

திருச்செந்தூர்க் கடற்கரையில் ஐரோப்பியக் குடும்பப்பெயர் அவருக்கு மூன்று நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. 1530களில் பரதவர் திரளாகக் கத்தோலிக்க மறை தழுவியபோது போர்த்துக்கீசியப் பெயர்களையும் ஏற்றனர். பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது, கோமஸ், மோத்தா முதலியவை மணப்பாட்டிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் புன்னைக்காயலிலும் இன்றும் குடும்பப்பெயர்களாகவே தொடர்கின்றன. தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கின்றன. லிஸ்பனில் எந்தச் சாதியையும் குறிக்காத பர்னாந்து என்ற பெயர் திருச்செந்தூர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவரின் சமூகத்தை அறிவித்துவிடுகிறது. அந்நியப் பெயர் சாதியை அழிக்கும் என்ற நம்பிக்கைக்கு இக்கடற்கரை ஒரு மறுமொழி.

ஆங்கிலேய மிஷன் பகுதிகளில் நடந்தது வேறு. அங்கே ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் குடும்பப்பெயர்களாக வரவில்லை. வில்சன், நெல்சன், ஜாக்சன், கிளாட்ஸ்டன், கால்டுவெல் ஆகியவை பிள்ளைக்கு இடும் பெயர்களாயின. அவர் மகனுக்கு அது ஒற்றை முன்னெழுத்தாகச் சுருங்கும். பேரனிடம் அதுவும் இராது. இங்கிலாந்தில் எழுநூறு ஆண்டு நிலைத்த பெயர் திருநெல்வேலியில் இரண்டு தலைமுறையில் மறைந்துவிடும். தமிழரின் முன்னெழுத்து வழக்கம் வம்சப்பெயரை நிலைக்க விடுவதில்லை. இது நாம் பெருமையோடு காப்பாற்ற வேண்டிய வழக்கம் என்றே கருதுகிறோம். குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பச் சொல்லும் கடவுச்சீட்டுப் படிவம் நமக்கு என்ன தொல்லை தந்தாலும்.

அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அமெரிக்காவில் தம் உடைமையாளரின் குடும்பப்பெயரைச் சுமந்தனர். அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரடெரிக் பெய்லி, டக்ளஸ் என்று தமக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டார். மால்கம் லிட்டில் தம் குடும்பப்பெயரை நீக்கி அவ்விடத்தில் எக்ஸ் என்ற எழுத்தை வைத்தார். ‘என் மூதாதையரின் பெயர் பறிக்கப்பட்டது’ என்பதே அவ்வெழுத்தின் பொருள்.

நம் பகுதியில் பெயருக்கான போராட்டங்கள் ஒரே திசையில் சென்றவையல்ல. சாணார் என்று அந்நாள் பதிவேடுகள் குறித்த சமூகம், அப்பெயரில் ஏற்றப்பட்ட இழிவை எதிர்த்து நாடார் என்ற பெயரைக் கோரிற்று. 1910இல் நாடார் மகாசன சங்கம் தோன்றியது; 1921இல் அரசு அப்பெயரை ஏற்றது. அடுத்த ஆண்டு, 1922இல், எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாகப் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாறாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்பே அயோத்திதாசர் ‘பூர்வத் தமிழர்’ என்று பதியுமாறு 1881 குடிக்கணக்கின்போது கோரியிருந்தார். இரட்டைமலை சீனிவாசனோ 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். ஒளிந்துகொள்ளாமல் அப்பெயரை ஏந்தியே உரிமை கேட்பது அவர் வழி. இவ்விரு வழிகளில் எது சரி என்ற விவாதம் நம் கூட்டங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. பெரியார் நாயக்கர் பட்டத்தைத் துறந்தார். இது பெருஞ்செயல், ஐயமில்லை. ஆனால் துறப்பதற்குப் பட்டம் இருந்தவர்கள் துறந்தார்கள். பட்டமே இல்லாதவர்களுக்கு, வெறும் பெயரைக்கூடப் பிறர் சிதைத்து ‘அடே’ போட்டு அழைத்தவர்களுக்கு, அத்தீர்மானத்தில் விடுவதற்கு எதுவுமில்லை.

கால்டுவெல்லிடம் திரும்புவோம். பெயர்களின் வரலாற்றில் அவருக்கு இரட்டைப் பங்கு உண்டு. 1849இல் சென்னையில் அச்சான ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்ற சிறுநூலில், தாம் யாரிடையே ஊழியம் செய்தாரோ அம்மக்களையே அறிவிற் குறைந்தவர்கள் என்னும் தொனியில் எழுதினார். அயல்நாட்டு வாசகரின் இரக்கத்தை எழுப்பும் மிஷன் எழுத்துக்குள் இழிவுபடுத்தல் எவ்வளவு எளிதாக நுழைந்துவிடும் என்பதற்கு அது சான்று. படித்த தலைமுறை எழுந்தபின் அந்நூலுக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. மிஷனின் அதிகாரத்தோடு முரண்பட்டு 1857இல் சட்டாம்பிள்ளை நாசரேத்துப் பகுதியில் தனிச் சபையே அமைத்தார்.

அதே கால்டுவெல்தான் ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பில், தென்னிந்தியப் பறையர்கள் திராவிடர்களா என்ற வினாவை எழுப்பி, ஆம் என்று விடை தந்தார். அவர்கள் திராவிடருக்கு முந்திய வேறோர் இனம் என்ற கருத்தை மறுத்தார். மலைவாசி என்ற வடசொல்லிலிருந்து அப்பெயரை வருவித்தவர்களையும் மறுத்து, பறை என்னும் தமிழ்ச் சொல்லே வேர் என்றார். அவருடைய வாதம் அந்தக் காலத்து இனக்கோட்பாட்டின் சட்டகத்துக்குள்ளேயே நிற்கிறது. அதை இன்று அப்படியே ஏற்க முடியாது. ஆனால் திராவிடம் என்ற சொல்லைத் தமிழ் அரசியலுக்குக் கொடுத்த நூலிலேயே, அந்தச் சொல்லுக்குள் தலித்துகளின் இடம் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டிருந்தது என்பது முக்கியம்.

அப்பின்னிணைப்பு பிறகு காணாமற்போயிற்று. 1856, 1875 பதிப்புகளில் இருந்தது, அவர் மறைந்தபின் வயட்டும் ராமகிருஷ்ண பிள்ளையும் பதிப்பித்த 1913ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் இல்லை. பின்வந்த மறுபதிப்புகள் பெரும்பாலும் 1913 பதிப்பையே பின்பற்றின. ஆகவே இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கால்டுவெல்லைப் படித்துத் திராவிடம் பேசியவர்களில் மிகப் பலர், அந்தப் பக்கங்கள் இருந்ததையே அறியாமல் படித்தவர்கள். 2008இல் கவிதாசரண் பதிப்பகம் 1875 பதிப்பை மீண்டும் அச்சிட்ட பிறகுதான் அது பொது விவாதத்துக்கு வந்தது. திராவிட அரசியலுக்குள் தலித்துகளின் இடம் எது என்று கேட்கும் மாணவர்கள், கைக்குக் கிடைக்கும் பதிப்பின் ஆண்டை முதலில் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

ஆங்கிலப் பெயர் ஒன்று தமிழுக்கு வந்து மரியாதை பெற்றது. தமிழ்ப் பெயர் ஒன்று ஆங்கிலத்துக்குப் போய் என்ன பெற்றது? ‘பறையர்’ ஐரோப்பிய மொழிகளில் ‘பரையா’ ஆகி, எல்லாராலும் ஒதுக்கப்பட்டவரைச் சுட்டும் வசைச்சொல்லாயிற்று. ஐ.நா. தடை விதித்த நாட்டையும் கட்சி ஒதுக்கிய தலைவரையும் இன்றும் ஆங்கில நாளேடுகள் அச்சொல்லால் குறிக்கின்றன. அது உயிரோடிருக்கும் ஒரு சமூகத்தின் பெயர் என்ற உணர்வு அவற்றை எழுதுவோரிடம் காணப்படுவதில்லை.

இனிக் கிணறு. திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கு வருவோர் கடலில் குளித்தபின் நாழிக்கிணற்றில் நீராடுவது வழக்கம். உப்புக் கடலின் அருகே நல்ல நீர் சுரக்கும் சிறு ஊற்று. குளிர்ந்த ஊற்று என்ற பெயர் அதற்குப் பொருந்தும். இன்று அங்கே வரிசையில் நிற்போரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. ஆனால் ஒடுக்கப்பட்டோர் கோயிலுக்குள் நுழைய 1939ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. பொதுக் கிணறு, குளம், சாலை ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அது ஏட்டளவில் நின்றதால் 1938இல் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வேண்டியிருந்தது. அதற்கும் எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஓர் ஊற்றின் அருகே வாழ்ந்ததால் அந்த ஊற்றின் பெயரையே தம் பெயராகப் பெற முடிந்த மக்கள் ஒரு புறம்; ஊரின் நீர்நிலையைத் தொட்டதற்காக அடிபட்ட மக்கள் மறுபுறம். 1927இல் மகாடுச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தியது தாகத்தால் அன்று என்பதை நாம் அறிவோம்.

இப்பெயர் இன்றைய தலித் இளைஞருக்கு என்ன விலையில் கிடைக்கிறது என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. தென்மாவட்டத்தில் கால்டுவெல் என்ற பெயருடைய இரு மாணவர்களை எண்ணிக்கொள்வோம். இருவரும் ஒரே சபையினர், ஒரே வகுப்பினர். ஒருவர் நாடார். தமிழ்நாட்டுப் பட்டியலில் நாடார்கள் இந்துவாயினும் கிறித்தவராயினும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரே. ஞானஸ்நானம் அவர்தம் சான்றிதழில் எந்த மாற்றமும் செய்வதில்லை. மற்றவர் தலித். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அது விரிக்கப்பட்டது. கிறித்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் இல்லை. ஆகவே ஞானஸ்நானம் பெற்ற தலித் மாணவர் 18 விழுக்காட்டுப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டிலிருந்து வெளியேறி, 26.5 விழுக்காட்டுப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில், தம்மினும் பல மடங்கு வசதி பெற்ற சமூகங்களோடு போட்டியிட வேண்டும். அவரைச் சாதி சொல்லித் தாக்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு உதவாது. தாக்குபவர் அவருடைய ஞானஸ்நானச் சான்றைப் பார்த்துவிட்டுக் கை ஓங்குவதில்லை.

மதம் மாறினாலும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று நிறுவும் சான்று வேண்டும் என 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குச் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் தாம் இந்துவே என்று கோரிய வழக்கில், சலுகைக்காக மட்டும் மதம் கூறுவது அரசியலமைப்பின் மேல் செய்யும் மோசடி என்று அந்நீதிமன்றம் கண்டித்தது. ஒரு குடிமகள் தன் நம்பிக்கையை ஒளித்தாக வேண்டிய நிலையை உண்டாக்கிய 1950 ஆணையைப் பற்றியல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

இதனால் நம் வீடுகளில் இரட்டைப் பெயர் வழக்கம் நிலைத்துவிட்டது. சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் மற்றொன்று. ஆலயத்தில் சாமுவேல், வட்டாட்சியர் அலுவலகத்தில் முருகன். சட்டப்படி, பெயர் மட்டும் ஒருவரின் மதத்தை முடிவு செய்வதில்லை. ஆயினும் விண்ணப்பத்தில் கிறித்தவப் பெயரைக் கண்டால் விசாரணை நீள்கிறது. வீட்டுச் சுவரில் சிலுவைப் படம் உண்டா என்று பார்க்க ஆள் வருகிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளிலேயே பதினெட்டு ஆண்டு கழித்து வரப்போகும் விண்ணப்பத்தை எண்ணிப் பெற்றோர் தயங்குகிறார்கள்.

தலித் கிறித்தவர்க்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரித் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. அதன் காலக்கெடு ஒரு முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அவ்வாணையம் அமைந்த ஆண்டில் பிறந்து கால்டுவெல் என்றோ சாமுவேல் என்றோ பெயர் பெற்ற தலித் குழந்தைகள் இப்போது பள்ளியில் சேரும் வயதை எட்டுகிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் பெயர், மதம், சாதி ஆகிய மூன்று கட்டங்களும் அடுத்தடுத்தே இருக்கின்றன.